ஒப்பீட்டுக் குழுவில் ஒரு மரணம்

நீலாம்பாள் இனி நடக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது டாக்டர் இல்லை, ஜோசியரும் இல்லை. நடந்தால் வயதான பெண்களுக்கு என்னென்ன நன்மை உண்டாகும் என்று கண்டுபிடிப்பதற்காகவே திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட முதியோர் நலவாழ்வு உயராய்வு நிலையம்தான் அந்த உத்தரவைப் போட்டது.

அதுவரை அவள் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தாள். கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத்து வீட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பிக் கோயிலின் கிழக்குக் கோபுரத்தடிக்கு வருவாள். ஆரியசாலையிலிருந்து பொன்னம்மை வந்து சேருவாள். பொன்னம்மையின் வீட்டுக்காரர் புளியும் வெல்லமும் மொத்தமாக விற்றவர். அவர் போன பிறகு பிள்ளைகள் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். பல வருஷங்களுக்கு முன் கோயில் வாசலில் செருப்பு மாறிப்போய், ஊரே வேடிக்கை பார்க்க இருவரும் போட்ட சண்டையில் தொடங்கிய சிநேகம் அது. குளத்தைச் சுற்றி, கோயிலின் நான்கு தெருக்களையும் சுற்றி, கிழக்கேகோட்டையில் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுப் பிரிவார்கள். வழியெல்லாம் பேச்சுதான். பாதிப் பேச்சு மருமகள்களைப் பற்றியது, மீதி அந்த மருமகள்களைத் தட்டிக் கேட்கத் துப்பில்லாத பிள்ளைகளைப் பற்றியது. எல்லாவற்றையும் தெருவிலேயே கொட்டிவிடுவதால், வீட்டுக்குள் இருவருக்கும் பொறுமைசாலிகள் என்ற பெயர் கிடைத்திருந்தது.

நிலையத்தில் இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீலாம்பாளின் மகன் கல்யாணராமன். அங்கே அவன் தற்காலிகக் குமாஸ்தா. தற்காலிகமாகவே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இயக்குநர் டாக்டர் சாம்பசிவன் ஒருநாள் ஊழியர்களைக் கூப்பிட்டு, "முதிய மகளிர், உடற்பயிற்சி, வாழ்க்கைத் தரம்" என்ற மாபெரும் ஆய்வுக்கு ஆளுக்கு இரண்டு கிழவிகளைக் கொண்டுவர வேண்டும் என்றார். கொண்டுவருபவர்களை நிரந்தரம் ஆக்குவது பற்றி யோசிக்கப்படும் என்றும் சொன்னார். கல்யாணராமன் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"போய் என்னடா பண்ணணும்?"

"ஒண்ணும் இல்லேம்மா. எலும்பை எல்லாம் ஃப்ரீயா படம் பிடிச்சுப் பாப்பா. சும்மா நீ வந்து உட்கார்ந்தா போறும்."

உட்கார்ந்தால் போதும் என்று அவன் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது அப்போது அவனுக்கே தெரியாது. துணைக்கு இருக்கட்டும் என்று நீலாம்பாள் பொன்னம்மையையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது நிலையம். ஆய்வின் தொடக்க விழாவுக்கு, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த தன் அலுவலகத்திலிருந்து டாக்டர் சாம்பசிவன் காரில் வந்து இறங்கினார். லிப்டில் ஏறி மேலே வந்து, குத்துவிளக்கு ஏற்றி, மூச்சு வாங்கி முடித்த பிறகு பேசினார்.

"நம்ம ஸ்திரீகள் நடக்கறதில்லை. நாற்பது வயசு ஆச்சுன்னா உட்கார்ந்துடறா. இது ஒரு நேஷனல் எமர்ஜென்சி. நான் இதைப் பத்திப் பேசாத ஊர் இல்லை. ஜெனீவால பேசியிருக்கேன், பாங்காக்ல பேசியிருக்கேன். பறந்து பறந்து பேசி எனக்கே முட்டுவலி வந்துடுத்து."

கைதட்டல் ஓய்ந்ததும் குலுக்கல் நடந்தது. யார் எந்தக் குழு என்பதை விஞ்ஞான முறைப்படி தீர்மானிக்க ஒரு பித்தளைக் குடத்துக்குள் சீட்டுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பொன்னம்மைக்குப் பச்சைச் சீட்டு வந்தது. நீலாம்பாளுக்கு மஞ்சள் சீட்டு வந்தது. பச்சைக்காரர்களுக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் தொப்பியும் கொடுத்தார்கள். மஞ்சள்காரர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

"மஞ்சள்னா என்ன சார்?" என்று நீலாம்பாள் கேட்டாள்.

"நீங்க ஒப்பீட்டுக் குழும்மா. பச்சைக்காரா எக்ஸர்சைஸ் பண்ணுவா. நீங்க ஒண்ணும் பண்ணப்படாது. அவாளையும் உங்களையும் ஒப்பிட்டுப் பாப்போம்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு இங்க எதுக்கு வரணும்?"

"ஆத்துல சும்மா இருந்தா அது சோம்பல். எங்ககிட்ட பேர் கொடுத்துட்டுச் சும்மா இருந்தா அது சயன்ஸ்."

"நான் தினம் கார்த்தால நடக்கறவளாக்கும்."

டாக்டர் சாம்பசிவன் கல்யாணராமனைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணராமன் தரையைப் பார்த்தான். இந்த ஊர் முதிய பெண்கள் நடப்பதே இல்லை என்று திட்ட அறிக்கையில் எழுதி டெல்லிக்கு அனுப்பி, டெல்லியும் படித்துப் பார்த்துக் கவலைப்பட்டு ஒப்புதல் கொடுத்திருந்தது. இப்போது ஒரு கிழவி நடந்தால் டெல்லியின் கவலை என்ன ஆவது?

"வழக்கம்போல இருங்கோன்னுதான் ரூல்," என்றார் டாக்டர். "ஆனா உங்க வழக்கம் தப்பான வழக்கமா இருக்கு. திட்டத்துல எழுதியிருக்கே, அந்த வழக்கம்போல இருங்கோ. இன்னொண்ணு. பச்சையும் மஞ்சளும் ஆய்வு முடியறவரைக்கும் பேசிக்கப்படாது, பழகப்படாது. பழகினா ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் மாறிடுவா. அதுக்குக் கண்டாமினேஷன்னு பேர். கலப்படம்."

பொன்னம்மைக்கு முகம் சிவந்துவிட்டது. "கலப்படமா? எங்க புளியில கல்லு கெடந்த காலத்துலகூட ஒருத்தனும் எங்கள இப்பிடிச் சொன்னதில்ல கேட்டியளா!"

நீலாம்பாள் அன்றைக்கே சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். ஆனால் கல்யாணராமன் டாக்டருக்குப் பின்னால் நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை கும்பிடும்போது என்ன செய்வது?

பச்சைக் குழுவை மறுநாளிலிருந்து வேனில் கூட்டிப்போனார்கள். ஆரியசாலையிலிருந்து தம்பானூருக்குப் பொன்னம்மை சாதாரணமாக நடந்தே போய்விடுவாள். அப்படிப் போவது திட்டத்தில் இல்லை என்பதால் வேன். மாடிப்படி ஏறுவதும் திட்டத்தில் இல்லை, அதனால் லிப்ட். மேலே போனதும் ஆளுக்கொரு பாயில் நின்று, நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். போலீஸில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற யோசுவா விசிலை ஊதிக்கொண்டே, "முட்டு பொங்கட்டும்! பொங்கட்டும்!" என்று மலையாளத்தில் விரட்டுவார். முட்டி மேலே எழும்ப வேண்டும் என்று அர்த்தம். போலீஸ்காரர்களுக்கே எழும்பாத முட்டிகளை எழுப்பியவர் அவர்.

காலையில் வேண்டுமானால் பொன்னம்மை தனியாக நடந்திருக்கலாம். "ஒத்தைக்கு நடந்து யாருகிட்ட பேச? கல்லுகிட்டயா?" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மஞ்சள் குழுவைக் கண்காணிக்க ஷிபு என்ற கள மேற்பார்வையாளனைப் போட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், ஒரு மொபெட், கழுத்தில் அட்டை. அவன் முதல் வாரத்திலேயே நீலாம்பாளைக் கோயில் வாசலில் மறித்தான்.

"அம்மே, எங்க நடக்குறிய?"

"கோயிலுக்குடா."

"உள்ளே போயி?"

"பிரதட்சிணம் பண்ணுவேன். வேற என்ன பண்ணுவா?"

பிரதட்சிணம் உடற்பயிற்சியா பக்தியா என்று ஷிபுவுக்குத் தெரியவில்லை. நிலையத்துக்கும் தெரியவில்லை. மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டு, வடையும் காபியும் வரவழைக்கப்பட்டு, ஒரு முழு நாள் விவாதம் நடந்தது. கடவுளை எண்ணிச் சுற்றினால் பக்தி, காலை எண்ணிச் சுற்றினால் பயிற்சி, இரண்டையும் பிரித்தறிய வியர்வையைக் கவனிக்கவும் என்று குழு தீர்ப்பளித்தது. ஷிபு கோயில் வாசலில் நின்று வெளியே வரும் கிழவிகளின் நெற்றியைப் பார்க்கத் தொடங்கினான். திருவனந்தபுரத்தில் பாயில் படுத்துக் கிடந்தாலே வியர்க்கும். அன்றைக்கு மஞ்சள் குழு முழுவதும் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டது. வியர்த்து நின்ற ஷிபுவை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

குழு மறுபடி கூடியது. இந்த முறை அடிப்பிரதட்சிணத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஒரு பாதத்தின் விரலில் மறு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடியாக நகர வேண்டிய நேர்த்திக்கடன் அது. இவ்வளவு மெதுவாகப் போனால் எந்த மனித உடம்புக்கும் எந்த நன்மையும் உண்டாக வழியில்லை என்று மூன்று பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நீலாம்பாள் அப்படியே நகர்ந்தாள். பேண்ட் போட்டவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஷிபு வாடகைக்கு ஒரு வேஷ்டி வாங்கிச் சுற்றிக்கொண்டு, அதே வேகத்தில் பின்னாலேயே நகர்ந்தான். ஒரு சுற்று முடிவதற்குள் அவனுக்குத் தலை சுற்றிவிட்டது.

வெளியே வந்தபோது குளத்துப் படியில் பொன்னம்மை உட்கார்ந்திருந்தாள். தூரத்திலிருந்தே கையை உயர்த்தினாள். நீலாம்பாளும் கையை உயர்த்தினாள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கல்யாணராமனுக்கு மெமோ வந்தது. அவனுடைய தாயார் பச்சைக் குழு உறுப்பினர் ஒருவரை நோக்கிக் கையசைத்து ஆய்வின் தூய்மைக்கு ஊறு விளைவித்ததற்கு அவன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

"அம்மா, இன்னும் கொஞ்ச நாள்தாம்மா," என்றான் கல்யாணராமன். "நிரந்தரம் ஆயிடுத்துன்னா அப்புறம் நீ கன்னியாகுமரிவரைக்கும் நட, நான் கேக்கமாட்டேன்."

நீலாம்பாள் அன்றிலிருந்து கோயிலுக்கும் போகவில்லை. முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆய்வு நடந்துகொண்டிருந்தது.

சும்மா உட்காருவது லேசான வேலை என்று உட்காராதவர்கள் நினைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருந்தது. தூக்கம் போயிற்று. தெருவில் கொட்ட வழியில்லாத பேச்செல்லாம் வீட்டுக்குள்ளேயே கொட்ட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் நல்ல மாமியாரோடு வாழ்ந்த மருமகள் பத்மப்ரியா, ரசத்தில் உப்பு கூடியதற்காக முதல் முறையாக அழுதாள். அதைப் பார்த்து நீலாம்பாளும் அழுதாள். இப்படி ஆகிவிட்டோமே என்று அவளுக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆளோடு பேசக்கூடாது.

மாதாமாதம் சுஜா என்ற பெண் வாழ்க்கைத் தரத்தை அளக்க வருவாள். தங்கமான பெண்.

"அம்மாவுக்கு ஜீவிதத்தில திருப்தி உண்டா? நல்லா உண்டு, கொஞ்சம் உண்டு, இல்லவே இல்ல?"

"இல்லவே இல்ல."

"ஐயோ, நன்னாயி!" என்று சுஜா எழுதிக்கொண்டாள். "முட்டுவலி?"

"ராத்திரி பூரா."

"போன மாசத்தைவிடக் கூடுதலா?"

"ரொம்பக் கூடுதல்."

சுஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் டாக்டர் சாம்பசிவனே காரில் வந்து இறங்கினார். கையில் லட்டுப் பெட்டி.

"மஞ்சள் குழுவுலேயே நீங்கதாம்மா நம்பர் ஒன்," என்றார். "ஒவ்வொரு மாசமும் அழகா, படிப்படியா மோசமாயிண்டு வரேள். கிராஃப் போட்டுப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம்போல இருக்கு. இப்படியே விடாம பண்ணுங்கோ."

நிலையத்துக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. பொன்னம்மையும் "இல்லவே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்சி செய்கிறவள் இப்படிச் சொல்லலாமா? மேலிடம் யோசித்து, பச்சைக் குழுவுக்கு மட்டும் சிரிப்பு வகுப்பு ஏற்பாடு செய்தது. யோசுவா விசில் ஊதினால் எல்லோரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பொன்னம்மை வாயைத் திறக்கவில்லை.

"எனக்குச் சிரிப்பு வரணும்னா மாமியக் கூட்டிட்டு வாரும்வே," என்றாள் யோசுவாவிடம்.

இதைக் கேட்டு வந்து கல்யாணராமன் வீட்டில் சொன்னான். சொல்லியிருக்கக்கூடாது. நீலாம்பாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

"போறும்டா. நாளைக்குப் போய் உங்க டாக்டர்கிட்ட சொல்லு. நான் விலகிக்கறேன்."

கல்யாணராமன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் இயக்குநர் அறைக்குப் போய் நின்றான். டாக்டர் சாம்பசிவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"விலகறதுன்னு ஒண்ணு திட்டத்துலேயே இல்லையே கல்யாணராமன். ரெண்டே ரெண்டு காரணம்தான் உண்டு. வெளிநாடு போயிருக்கணும், இல்லேன்னா காலமாயிருக்கணும். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்லை சார்."

"அப்போ?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். மஞ்சள் குழுவுல இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் போகலை. நடக்காதவா சாகணும், அதான் தியரி. அவா பாட்டுக்கு உயிரோட உட்கார்ந்திருந்தா நான் ஜெனீவால போய் என்னன்னு பேசறது? ஒரே ஒரு மரணம் இருந்தாக்கூட ரிப்போர்ட்டுக்கு ஒரு கம்பீரம் வந்துடும்."

"சார், அம்மா உயிரோட இருக்கா."

"அது உங்க பர்சனல் விஷயம். அதுல நான் தலையிடலை. நான் டேட்டாவைப் பத்திப் பேசறேன்."

அன்று மாலை கல்யாணராமன் கூடத்தில் நின்று விஷயத்தைச் சொன்னபோது பத்மப்ரியா காதைப் பொத்திக்கொண்டு, "சிவ சிவா," என்றாள். நீலாம்பாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"செத்துப்போயிட்டா பொன்னம்மையோட பேசலாமோ?"

"செத்துப்போனவா எந்தக் குழுவுலயும் கிடையாதும்மா."

"அப்போ எழுதுடா."

"அம்மா!"

"எழுதுங்கறேன்!"

மறுநாள் அவன் எழுதினான். பெயர் நீலாம்பாள், குழு மஞ்சள், காரணம் மரணம். எழுதியவரின் உறவுமுறை, மகன். எழுதிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தவன் யாரிடமும் பேசாமல் கொல்லைக் கிணற்றடிக்குப் போய், தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டான். தீட்டுக்குளியல். அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "துவட்டிக்கோடா, ஜலதோஷம் பிடிச்சுக்கும்," என்று துண்டை எடுத்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு அவன் முகத்தை மூடி அழுதான்.

நிலையம் முறைப்படி துக்கம் அனுசரித்தது. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், டாக்டர் சாம்பசிவன் மட்டும் முட்டுவலி காரணமாக உட்கார்ந்தபடியே மௌனம் காத்தார். தாயை இழந்த ஊழியருக்குக் கருணை அடிப்படையில் வேலை நிரந்தரமாக்கப்படுகிறது என்று அங்கேயே அறிவித்தார். விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது தலைமயிரோடு போனால் சந்தேகம் வருமே என்று கல்யாணராமன் மொட்டையடித்துக்கொண்டான். அக்கம்பக்கத்தில் பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தார்கள்.

மலர்வளையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஷிபு. கதவைத் திறந்தது நீலாம்பாள்தான். அவன் வளையத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி வளையத்தைப் பார்த்தான்.

"இது... கல்யாணராமன் சாரோட அம்மைக்கு."

"கொடு. நான் வாங்கிக்கறேன்," என்று வாங்கிக்கொண்டு, அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். ஷிபு குடித்துவிட்டுப் போனான். அவனும் தற்காலிகம்தான்.

பொன்னம்மைக்கு ஆள்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் விடிகாலையில் நீலாம்பாள் கிழக்குக் கோபுரத்தடிக்குப் போனாள். பொன்னம்மை கான்வாஸ் ஷூவோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் இத்தனை மாதத்து மருமகள் கதைகள் நெஞ்சு வரைக்கும் நிறைந்திருந்தும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தெரு திரும்புவதற்குள் மொபெட் சத்தம் கேட்டது.

"நிங்கள் பச்சையல்லே? பச்சைக்காரங்க மஞ்சள்காரங்ககிட்ட பேசான் பாடில்ல, பேசக்கூடாது," என்றான் ஷிபு, பொன்னம்மையிடம்.

"லேய், நல்லாப் பாரு. இவிய மஞ்சளா?"

ஷிபு பட்டியலை எடுத்துப் பார்த்தான். பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது. நெடுநேரம் யோசித்தான். நிலையத்தின் விதிகளில் எதுவும் மீறப்படவில்லை. "சாரி," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பொன்னம்மை சிரித்தாள். விசில் இல்லாமலே சிரித்தாள். நீலாம்பாளும் சிரித்தாள். ஆனால் குளத்து மூலைக்கு வருவதற்குள் நீலாம்பாளின் கால் இழுத்துக்கொண்டது. முன்பெல்லாம் நான்கு தெருவையும் சுற்றிவந்து காபிக்கு நின்றவள், இப்போது பாதித் தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்னம்மை அவளை மெல்லப் படியில் உட்கார வைத்தாள். அன்றைக்கு அங்கிருந்தே திரும்பினார்கள். மறுநாளும் அங்கிருந்துதான் திரும்பினார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் பொன்னம்மை இடுப்பில் ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். கடைக்கு வந்த தாள். அதில் டாக்டர் சாம்பசிவனின் படம் இருந்தது. பயிற்சி செய்த குழுவில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், செய்யாத குழுவில் ஒருவர் இறந்துவிட்டார், ஆகவே உடற்பயிற்சி உயிர் காக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது என்று போட்டிருந்தது. ஆய்வை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்த டெல்லி அனுமதி கொடுத்திருக்கிறதாம்.

"கீழ வாசியுங்க மாமி. ஒங்களப் பத்தித்தான் சொல்லியிருக்காரு."

நீலாம்பாள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள். இறந்த மூதாட்டியை நான் நேரில் அறிவேன், அன்பான பெண்மணி, எவ்வளவோ எடுத்துச் சொன்னோம், தினமும் காலையில் சிறிது தூரம் நடந்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பார் என்று இயக்குநர் கண்கலங்கிக் கூறியிருந்தார்.

அவள் தாளை மடித்தாள். எங்கே போய் யாரைக் கேட்பது? கேட்டால் மகன் வேலை போய்விடும். அவன் தலையில் இப்போதுதான் மயிர் முளைத்துக்கொண்டிருக்கிறது.

"வாங்க, இன்னைக்கி அந்தக் காப்பிக்கடை வரைக்கும் போயிப் பாப்போம்," என்று பொன்னம்மை கையை நீட்டினாள்.

நீலாம்பாள் அந்தக் கையைப் பற்றி எழுந்து நின்றாள். முட்டி இடம் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி வைத்தாள், இன்னும் ஓரடி வைத்தாள். விரலும் குதிகாலும் ஒட்டியபடி, அடிப்பிரதட்சிணம்போல.

"நடந்திருந்தா பொழைச்சிருப்பேனாம்டி, பொன்னம்மை," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்தாள்.